ஜன்னலில் தொங்கிய ஈரக் கோணி

பாலாற்றுப் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகும் கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்லூரி லேப் சாவி அங்கேதான் இருக்கும். நான்கு வருடப் பழக்கம். அந்தச் சாவியை மேடத்தின் மேஜைமேல், பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கடிதம் எதுவும் எழுதவில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் ராஜினாமாக் கடிதம் எழுதினால், அதைத் திருத்தவே அவருக்கு அரை நாள் ஆகும்.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கீழே ஆறு முழுக்க மணலும் சீமைக்கருவேலமும்தான். செவிலிமேட்டுப் பக்கம் போகும் டவுன் பஸ் ஒன்று என்னருகே வந்து வேகம் குறைத்தது. கண்டக்டருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"இன்னா பிரகாசம், ஏறலையா?"

"நீ போபா. நான் நடந்துக்கினு வர்றேன்."

"காலு நல்லா இருக்குதுல்ல, நட நட" என்று சொல்லி விசில் ஊதினார்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சர்ச் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு கிடைத்தவரை படித்தேன். பிறகு பட்டு முறுக்கும் ஷெட், லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டுவது, தோல் பதனிடும் இடம், மறுபடி பட்டு, கடைசியாகச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாயப் பட்டறை. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், இரண்டு வேளை சாப்பிடாமல் மூட்டை தூக்கியிருக்கிறேன். கல்யாணமும் செய்துகொண்டேன். இரண்டாம் வருடமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். விட்டு வந்த எந்த இடத்தையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று அந்தப் பாலத்தில் மட்டும் மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

இதை இப்போது எழுதச் சொன்னது நூர்ஜகான். அப்போது அந்த லேபில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள், இன்று வேறொரு கல்லூரியில் ஆசிரியை. போன மாதம் போன் செய்தாள். "அண்ணா, இப்பல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கைய வுட்டுத்தான் எல்லாம் செய்யறோம். உள்ள ஈரம் ஒரு சொட்டு கிடையாது. எங்க பசங்களுக்கு ஈரம்னா இன்னான்னே தெரியல. நீங்க அந்தக் கதைய எழுதிக் குடுங்க" என்றாள். அந்தக் கதையில் நான் நல்லவன் இல்லையே என்றேன். "அதுக்காகத்தான் கேக்கறேன்" என்றாள்.

மேடத்தை நான் முதலில் பார்த்தது சாயப் பட்டறையில். ஏதோ ஒரு சோதனைக்காகச் சாயம் ஏற்றாத பட்டு கேட்டு வந்திருந்தார். நான் கொதி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விறகைத் தள்ளியும் இழுத்தும் சூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டியில் விட்டுப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி விட்டுப் பார்த்தார். "ரெண்டு டிகிரிகூட மாறலையே, எப்படிங்க?" என்று கேட்டார். மாறினால் முதலாளி திட்டுவார் என்றேன். சிரித்தார். அடுத்த மாதம் ஆற்றுக்குத் தெற்கே இருந்த அவருடைய கல்லூரியில் லேப் உதவியாளனாகச் சேர்ந்தேன். பட்டு நூலை வைத்து அவர் செய்த சோதனை சரிவரவில்லை. நான் தங்கிவிட்டேன்.

அங்கே செய்தது ஒரு ஜெல். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிலிக்கான் இல்லாமல், கரியை அடிப்படையாகக் கொண்ட மையைப் பூசி மின்கருவி செய்வார்கள். தாள் மாதிரி வளையும். அதில் மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் நடுவில் ஒரு பொருள் வேண்டும். அதற்குள் அயனிகள் இங்குமங்கும் போய்வர வேண்டும், அதே சமயம் அது வழிந்து ஓடவும் கூடாது. அதற்குப் பெயர் ஜெல் எலக்ட்ரோலைட். சாதாரண ஜெல் கொஞ்சம் சூடு பட்டாலே இளகி உட்கார்ந்துவிடும். மேடம் செய்யப் பார்த்தது கொதிநீர்ச் சூட்டைத் தாண்டியும் கலங்காத ஜெல். பாய்லர்க் குழாய்மேல் ஒட்டிவைத்தால் அங்கே நடப்பதைச் சொல்கிற ஒரு பட்டை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

உப்பு என்றால் கல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு உப்பு, அறைச் சூட்டிலேயே தேன் மாதிரி ஓடும். அதையும் ஒரு பிளாஸ்டிக் பொடியையும் ஒரு திரவத்தில் கரைக்க வேண்டும். குடுவைக்குள் ஒரு சின்னக் காந்தத் துண்டு சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும். கட்டி இல்லாமல் தெளிந்ததும் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மூடி போட்டு, திரவம் மெதுவாகப் போகும்வரை விட வேண்டும். பிறகு வாக்குவம் ஓவனில், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு முழு இரவு காய வேண்டும். காலையில் எடுத்தால் பாலாடை மாதிரி ஒரு ஃபிலிம். அதை அரிசி அளவுக்கு வெட்டி, தங்கக் கோடு போட்ட கண்ணாடிமேல் வைத்து, மேலே இன்னொரு தகடு, அதன்மேல் ஊசி முனைகள். பிறகு ஹாட் பிளேட்டில் பத்துப் பத்து டிகிரியாகச் சூடு ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் நின்று, மீட்டரைப் படிக்க வேண்டும். நிற்பது என்றால் உண்மையாகவே நிற்பது. மேடம் அந்த நேரத்தில் உட்கார மாட்டார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுவார். வீணாய்ப்போன ஃபிலிமை எறிய விட மாட்டார். சின்னச் சின்ன டப்பாவில் போட்டு, தேதி ஒட்டி, அலமாரியில் வைக்கச் சொல்வார். "தோத்துப்போனதுக்குத்தான் மரியாதை அதிகம் தரணும், அதுதான் நமக்கு எதையாவது சொல்லும்" என்பார். என்னை ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் முதல் ஃபிலிமை இடுக்கியால் உரித்து எடுப்பது நான்தான். நூர்ஜகான் எடுத்தால் கிழியும், மேடம் எடுத்தாலும் கிழியும். பட்டு இழையைத் தொட்டுப் பழகிய கை எனக்கு. நான் உரிக்கும்போது மேடம் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"சொல்லுங்க பிரகாசம், இன்னிக்கு எப்படி இருக்குது?"

"ஓரமெல்லாம் முறுக்கிக்கினு இருக்குதும்மா." இல்லையென்றால், "நல்லா தளதளன்னு வருதும்மா."

நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவார். எடை, கனம், நேரம் என்று எண்களுக்கெல்லாம் ஒவ்வொரு பத்தி. கடைசிப் பத்தியின் தலைப்பில் என் பெயர். அதன் கீழே என் பேச்சு. அதைப் பார்ப்பதற்காகவே நான் காலையில் இரண்டு பஸ் மாறி ஆறரை மணிக்கு வந்துவிடுவேன்.

நான்காம் வருடக் கோடையில் ஏசி பழுதானது. எழுதிப் போட்டார்கள், ஆள் வருவான் என்றார்கள், வரவில்லை. வெளி அறையில் அனல் தாங்க முடியவில்லை. பட்டு முறுக்கும் ஷெட்டில் கோடையில் என்ன செய்வோம் என்றால், தரையில் தண்ணீர் தெளித்து ஜன்னலில் ஈரக் கோணியைத் தொங்கவிடுவோம். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் இழை பொறுக்காது, பட்டுப்பட்டென்று அறும். சுற்றிக் கட்டிய நூல் சிட்டங்களைக் கோணிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தால் மெத்தென்று இருக்கும். காஞ்சிபுரத்தில் பட்டைத் தொட்ட எல்லோருக்கும் இது தெரியும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

நானும் அதையே செய்தேன். ஆறரைக்கு வந்ததும் இரண்டு பக்கெட் தண்ணீர். ஒன்று கோணிக்கு, ஒன்று தரைக்கு. ஓவனிலிருந்து ஃபிலிம்களை எடுத்து, அறையிலேயே குளிர்ச்சியான இடமான ஜன்னல் மேடையில் வரிசையாக வைப்பேன். ஒன்பதரைக்கு மேடமும் நூர்ஜகானும் வரும்போது தரை காய்ந்திருக்கும், கோணியும் காய்ந்து சாதாரணத் திரை மாதிரி தொங்கும். ஈரத்தைக் காட்டும் கருவி உள் அறையில் இருந்தது. வெளி அறையில் எதுவும் இல்லை.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். ஃபிலிம் கிழியாமல் உரிந்தது. "மெத்துனு இருக்குதும்மா" என்றேன், எழுதிக்கொண்டார். மீட்டரிலும் இதுவரை வராத அளவுக்கு நல்ல மின்னோட்டம். சூடு ஏற்ற ஆரம்பித்ததும் கதை மாறியது. நூறு டிகிரியைத் தாண்டியதும் ஃபிலிமுக்கு அடியில் ஒரு குமிழி எழும். தகடு தூக்கிக்கொள்ளும். மீட்டரில் கோடு அப்படியே கீழே விழும். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுவது சூட்டில் செத்துப்போனது. மூன்று வாரம் டப்பாக்கள் அலமாரியில் ஏறிக்கொண்டே இருந்தன. அடுத்த மாதம் வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, இந்த வேலை தொடரலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல இருந்தார்கள். தொடர்ந்தால்தான் நூர்ஜகானின் ஆராய்ச்சிப் பட்டம்.

கலவையைக் காய வைப்பது அவள் பொறுப்பு. "ராத்திரி பூரா வெச்சியாம்மா?" என்று மேடம் கேட்பார். "வெச்சேன் மேடம்." "பம்பு ஓடிச்சா?" "ஓடிச்சு மேடம்." எத்தனை நாள்தான் ஒரே பதிலைச் சொல்வாள்?

ஒரு திங்கட்கிழமை ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டது. நான் வந்து சேர்ந்தபோது ஒன்பதரைக்கு மேல். நூர்ஜகானே ஓவனைத் திறந்து, கிழிந்து வந்த ஃபிலிம் துண்டை எடுத்து, நேராக ஊசிக்கு அடியில் வைத்திருந்தாள். நூறு தாண்டியது, நூற்றுப்பத்து, நூற்றிருபது. குமிழி இல்லை. மேடம் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். நூற்றைம்பதிலும் கோடு ஆடாமல் இருந்தது. நூர்ஜகான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, தாங்கிக்கினு இருக்குது பாருங்கண்ணா!" என்று குதித்தாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். கோணி வறண்டு தொங்கியது. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக நான் அந்த ஜெல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது குடித்த ஈரம்தான் நூறு டிகிரியில் ஆவியாகிக் குமிழியாக எழுந்திருக்கிறது. பட்டுக்குத் தாய்ப்பால் மாதிரி இருந்த ஈரம் இதற்கு விஷம்.

சொல்லவில்லை.

வேறு எந்த வேலையாக இருந்தாலும் அப்போதே சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பேன். இந்த வேலை போய்விடக் கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் வாயை அடைத்தது. கோணியை நனைக்காமல் விட்டுவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் ஃபிலிம் தாங்கியது. அன்று மத்தியானம் மேடம் நூர்ஜகானைக் கூப்பிட்டார். நான் துடைத்த குடுவைகளோடு கதவருகே நின்றிருந்தேன்.

"ரெண்டு நாளா சரியா வருதே, அதுக்கு முன்னாடி ஏன் வரல?"

"எப்பவும் போலத்தான் மேடம் செஞ்சேன்."

"எப்பவும் போலன்னா எப்பவும் இதுதானே வந்திருக்கணும்? முன்னாடி நீ ஒழுங்கா காய வைக்கல. அத மறைச்சதுதான் எனக்குக் கஷ்டமா இருக்குது. தப்பு செஞ்சா சொல்லலாம். நாளையிலிருந்து நீ அளவு எடுக்க வேணாம். இந்த மாசத்தோட வேற யாருகிட்டயாவது சேர்ந்துக்கோ, நான் பேசறேன்."

அவள் என்னைக் கடந்துதான் வெளியே போனாள். புதன்கிழமை முழுக்கக் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்று குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கழுவியதையே கழுவினாள். குழாய்ச் சத்தத்தில் அழுவது கேட்காது என்று நினைத்தாள்போல. நான் கணக்குப் போட்டதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஃபிலிம் சரியானதாலேயே அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

அன்று மூன்று மணிக்கு மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், நூர் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஈரம் பண்ணிட்டேன்."

பென்சிலைக் கீழே வைத்தார். "எந்த ஈரம்?"

"ஜன்னல்ல கோணிய நனைச்சு வுட்டுக்கினு இருந்தேம்மா. ஏசி போனதுல இருந்து. பட்டு ஷெட்டுல அப்படித்தான் பண்ணுவோம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு? எத்தனை பக்கெட்? ஃபிலிமை எவ்வளவு நேரம் அங்கே வைத்தீர்கள்? கோணியிலிருந்து எவ்வளவு தூரம்? நான் கையால் ஒரு முழம் காட்டினேன். ஸ்கேலை எடுத்துவந்து என் கையை அளந்து எழுதிக்கொண்டார். "நாளைக்குக் காலையில அதே மாதிரி செய்யுங்க. பாதி ஃபிலிம் ஜன்னல்கிட்ட, பாதி மூடின டப்பாவுக்குள்ள" என்றார்.

வியாழக்கிழமை மூன்று பேரும் நின்றோம். டப்பாவில் இருந்தவை தாங்கின. ஜன்னலருகே இருந்தவற்றில் நூறு தாண்டியதும் குமிழி எழுந்தது, ஒன்று விடாமல். மேடம் நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார், பிறகு நூர்ஜகானுக்கு நேராகத் திரும்பினார். "நான் உன்னப் பொய்க்காரின்னு நெனைச்சேன். அது என் தப்பு. மன்னிச்சிடும்மா. அளவ நீயே எடு."

நூர்ஜகான் ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். "என் மூணு வருஷப் படிப்ப ஒரு கோணி தின்னப் பாத்துச்சேண்ணா! ஒழுங்கா பிரியாணி வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள். அவள் மனசு அவ்வளவுதான். அன்றோடு அதை மறந்துவிட்டாள்.

அவள் போன பிறகு மேடம் கேட்டார். "இது கோணியாலன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். "திங்கக்கெழமம்மா."

நோட்டை மூடினார். "தண்ணி தெளிச்சது தப்பே இல்ல பிரகாசம். காலையில இங்க என்ன நடக்குதுன்னு நான் கேட்டிருக்கணும். ஆனா செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசினப்போ நீங்க கதவுகிட்ட நின்னுட்டு இருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னார். வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. மறுநாளும் நான் சாவி போட்டுத் திறந்தேன், ஃபிலிமை உரித்தேன். மேடம் பக்கத்தில் நின்றார். எடை எழுதினார், கனம் எழுதினார். "சரி, வைங்க" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பது தண்டனை என்று அவர் நினைத்திருக்க மாட்டார் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. பக்கம் புரட்டும்போது பார்ப்பேன், என் பெயருக்குக் கீழே பத்தி வெறுமையாக இருக்கும். இரண்டு வாரம் பொறுத்தேன். பசியைப் பொறுப்பது இதைவிடச் சுலபம். பதினைந்தாம் நாள் சாவியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நூர்ஜகானுக்குப் பட்டம் கிடைத்தது. அந்தக் கல்லூரிக்கு நான் பிறகு போகவே இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், எந்த ஜன்னல் என்று தேடுவேன். தென்னை வளர்ந்து மறைத்துவிட்டது.

அன்று செவிலிமேடுவரை நடந்து, பிறகு பஸ் ஏறி, வாலாஜாபாத்தில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு ரைஸ் மில் வாசலில் நின்றேன். களத்தில் நெல் கொட்டிக் கிடந்தது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"களத்துக்கு ஆளு வேணுந்தான். ஆனா போன மாசம் ஒருத்தன் மூட்டையோட ஓடிட்டான். இதுக்கு முன்ன எங்க இருந்த? அங்க ஒரு நம்பர் குடு, கேட்டுட்டு சொல்றேன்."

எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு நம்பர். சொன்னேன். அவர் என் முன்னாலேயே போனைப் போட்டார்.

"வணக்கம்மா, வாலாஜாபாத்ல இருந்து பேசறேன், ரைஸ் மில்லு. பிரகாசம்னு ஒருத்தரு வந்து நிக்கறாரு... ஆமாம்மா... ஆமாம்மா, நல்லாத்தான் இருக்காரு... சரிம்மா... அப்படியா... சரிங்கம்மா."

நான் களத்து நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நம்பி வேலை குடுங்கன்னு சொல்லிச்சு அந்தம்மா. தப்பு பண்ணிட்டா ரெண்டு நாள் கழிச்சாவது அவரே வந்து சொல்லிடுவாருன்னாங்க. அது இன்னாயா ரெண்டு நாளு?"

"அது பெரிய கதைங்க."

"கதைய அப்புறம் வெச்சுக்கலாம். இங்க ரெண்டு நாளெல்லாம் ஆகாது. நனைஞ்ச நெல்லு ரெண்டு நாள்ல முளை வுட்டுடும். அன்னன்னிக்கே வந்து சொல்லிடு."

"சொல்லிடறேங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, நெல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன்.